புறூஸ் லீ பற்றிய விவரணப் படங்களும் அவற்றின் விமர்சன வரவேற்பும்: மட்டக்களப்புக் கரையிலிருந்து ஒரு நோக்கு

சண்டைப்பட நடிகர் புறூஸ் லீ 1973 யூலை 20ஆம் நாள் ஹொங்கொங்கில் இறந்தபொழுது அவருக்கு வயது 32. அவரை உலகறியச் செய்த 'என்டர் த டிராகன்' அன்று திரைக்கு வந்திருக்கவில்லை. அடுத்த மாதமே அது அமெரிக்காவில் வெளியாயிற்று. அவருடைய ஹொங்கொங் படங்களைத் தயாரித்த கோல்டன் ஹாவெஸ்ற் நிறுவனம் அவ்வாண்டிலேயே அவரைப் பற்றி ஒரு விவரணப் படத்தையும் வெளியிட்டது. மனிதனும் ஐதீகமும் என்பது அதன் தலைப்பின் பொருள். கவுலூனில் இறுதி அஞ்சலிக்குத் திரண்ட பெருங்கூட்டமும் சியாட்டில் நகரில் நடந்த நல்லடக்கமும் அதில் இடம்பெற்றன. நட்சத்திரத்தை இழந்த நிறுவனம் அவரது மரணத்தையே பண்டமாக்கியது எனக் கூறின் அது கடுமையான கூற்றாயிருக்கலாம். ஆயினும் பிழையான கூற்றன்று. புறூஸ் லீ பற்றிய விவரணப் படங்களின் வரலாறு இவ்வாறு சந்தையிலேயே தொடங்குகின்றது.

அவ்வரலாற்றில் அண்மைக்காலத்து முக்கிய நிகழ்வு, பாவோ நுயென் நெறிப்படுத்தி 2020இல் வெளிவந்த 'பீ வோட்டர்' ஆகும். நீராய் இரு என்னும் பொருள்படும் இத்தலைப்பு, லீ 1971இல் தொலைக்காட்சி நாடகமொன்றிற் பேசி, பின் நேர்காணலொன்றில் மீண்டுங் கூறிய உரையினின்றும் பெறப்பட்டது. விமர்சகர் இப்படத்தை எவ்வாறு வரவேற்றனர், அவ்வரவேற்பு எவற்றைக் கண்டது, எவற்றைக் காணாது விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். ஒரு சமூகம் எந்த நேரத்தில், எந்தத் தேவைக்காக, மறைந்த கலைஞனொருவனை மீண்டும் அழைக்கின்றது என்பதற்கு விமர்சன வரவேற்பு ஒரு வரலாற்றுச் சான்றாக அமையும் என்பது எமது கருத்து.

விவரணப் படத்தை அதன் விமர்சகரோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. பசில் றைற் நெறிப்படுத்திய 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் ஜோன் கிரியர்சனின் தயாரிப்பாக உருவாயிற்று. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அதற்குப் பணந் தந்தது. 1935இல் பிரசல்ஸ் விழாவில் அது பரிசு பெற்றது. கிரகாம் கிறீன் போன்ற எழுத்தாளர் அதனைப் பெரிதும் பாராட்டினர். ஒலியும் காட்சியும் இயைந்த அதன் அழகு இன்றும் மறுக்கவியலாதது. ஆயின், அப்பணத்துக்கு மூலமான தேயிலையைப் பறித்த மலையகத் தமிழ்த் தொழிலாளரின் கூலியும் லயன் அறையும் படத்தின் பொருளாகவில்லை. அக்காலப் பாராட்டுரைகளில் அது பெருங்குறையாகக் கருதப்படவுமில்லை. அழகியற் பாராட்டு உழைப்பாளியைக் கடந்து சென்ற அந்நிகழ்வை மனங்கொண்டு புறூஸ் லீயிடம் வருதல் பொருந்தும்.

லீ 1940 நவம்பர் 27இல் சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தார். தந்தை லீ ஹொய்-சுவன் கன்ரன் இசைநாடக நடிகர். அவர் அமெரிக்காவிற் கலைப்பயணம் மேற்கொண்டிருந்த காலத்திலேயே மகன் பிறந்தார். குழந்தைப் பருவம் யப்பானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த ஹொங்கொங்கிற் கழிந்தது. சிறுவயதிலேயே படங்களில் நடித்த லீ, இளமையில் யிப் மான் என்னும் ஆசானிடம் விங் சுன் சண்டைக்கலை பயின்று, 1959இல் அமெரிக்கா சென்றார். விவரணப் படங்கள் பெரும்பாலும் தந்தையின் தொழிலை ஒரு குடும்பச் செய்தியாகக் கூறிவிட்டு யிப் மானிடம் விரைகின்றன.

மட்டக்களப்பு வாசகருக்கு அது அவ்வளவு சிறிய செய்தியன்று. கன்ரன் நாடக மேடையிற் பாட்டும் சமரும் உடற்சாகசமும் ஒரே பயிற்சியின் கூறுகள். ஹொங்கொங் சினிமாவின் சண்டை அமைப்பாளர் பலர் அம்மேடை மரபிலிருந்தே வந்தனர். நமது வடமோடிக் கூத்திலும் போர் என்பது ஆட்டத்தின் உச்சம். அண்ணாவியார் தாளத்தையும் அடியையும் ஒருங்கே பழக்குகின்றார். மட்டக்களப்பிற் கூத்தாடும் வட்ட அரங்கு களரி எனப்படும். கேரளத்திற் படைக்கலம் பயிலும் இடமும் களரியே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே கூத்தை நவீன அரங்குக்குக் கொணர்ந்தார். அவ்வியக்கத்தில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வுப்பொருளாக்கினார். ஆடுவோனின் உடலை ஊரும் மரபும் சேர்ந்தே உருவாக்குகின்றன என்பது இம்மரபை அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. இக்கண்கொண்டு பார்க்கும்பொழுது, லீயின் உடலைத் தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் காட்டும் விவரணப் படம் வரலாற்றின் ஒரு பாதியை வெட்டிவிடுகின்றது என்றே கூறவேண்டும்.

அமெரிக்க வாழ்க்கையை இங்கு சுருக்கமாகக் கூறினாற் போதும். சியாட்டிலில் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திற் படித்தார். சண்டைக்கலைப் பள்ளி நடத்தினார். அவருடைய முதல் மாணாக்கர் ஜெஸி குளோவர் ஒரு கறுப்பினத்தவர். பொலிசாரின் வன்முறைக்கு ஆளானபின் சண்டைக்கலையை நாடியவர். 1966-67இல் ஒளிபரப்பான 'கிறீன் ஹோர்னெற்' தொடரில் லீக்குக் கிடைத்தது வெள்ளைக் கதாநாயகனின் சாரதியும் சேவகனுமான காட்டோ என்னும் பாத்திரம். 1972இல் 'குங் ஃபூ' தொடரில் சீனத் துறவியின் பாத்திரம் டேவிட் கரடீன் என்னும் வெள்ளையரிடம் சென்றது. ஆசியர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாக்கிப் பணம் போடுவதை முதலாளிகள் ஆபத்தான வணிகமெனக் கருதினர் என்பதை லீயே தமது நேர்காணலில் ஏறத்தாழ ஒப்புக்கொள்கிறார். ஹொங்கொங் திரும்பியபின் 1971இல் 'தி பிக் பொஸ்', 1972இல் 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி', 'வே ஒஃப் த டிராகன்' ஆகிய மூன்று படங்கள் வெளிவந்தன. வசூற் சாதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியடிக்கப்பட்டன.

1973க்குப் பின்வந்த விவரணப் படங்கள் ஒவ்வொன்றும் தத்தம் காலத்துக்கு வேண்டிய புறூஸ் லீயை ஆக்கிக்கொண்டன. கோல்டன் ஹாவெஸ்ற் 1984இல் மீண்டும் ஒரு விவரணப் படத்தை வெளியிட்டது. அதன் நோக்கிற் பெரிய மாற்றமில்லை. ஜோன் லிற்றில் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய படம், முடிவுறாது நின்ற 'கேம் ஒஃப் டெத்' படத்துக்காக லீ எடுத்த காட்சிகளை அரை மணி நேரத்துக்கு மேலாக மீட்டுத் தந்தது. ஆவணப் பெறுமதியால் உயர்ந்த முயற்சி அது; லீ அதிலே தத்துவாசிரியராக நிற்கிறார். பீற் மக்கோர்மக் 2012இல் எடுத்த 'ஐ ஆம் புறூஸ் லீ' கூடைப்பந்து வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் கலப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் வணிகரையும் பேசவைத்தது. அங்கே லீ ஒரு விளையாட்டுத் தொழிலின் மூதாதை. புதிய தொழிலொன்று தனக்குப் பழைய குலமுறை தேடுவது வழமைதானே! நமது சிற்றரசர்களும் புலவர்களைக்கொண்டு இதையே செய்வித்தனர்.

'பீ வோட்டர்' இவ்வரிசையில் வேறுபட்டது. நெறியாளர் நுயென், போரினால் வியட்நாமை விட்டு வந்த அகதிப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்தவர். லீயைப் பற்றிப் பேசுவோரின் குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டு, அவர்களது முகங்களை இறுதிப் பகுதிவரை மறைத்து, பழைய ஒளிப்பதிவுகளாலும் புகைப்படங்களாலும் லீ எழுதிய கடிதங்களாலும் அவர் படத்தை அமைத்தார். மனைவி லிண்டா, மகள் ஷனன், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபார், பண்பாட்டு விமர்சகர் ஜெஃப் சாங் முதலியோர் பேசுகின்றனர். லீயின் இளமைக்காலத் தோழி ஏமி சன்போவும் பேசுகின்றார். அவர் யப்பானிய வம்சாவளியினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தபொழுது அவ்வனுபவத்துக்குட்பட்ட குடும்பம் அவருடையது. என் மதிப்பீட்டிற் படத்தின் கனமான குரல் அவருடையதே. தம்மோடு பழகிய இளைஞரை அவர் வழிபடவில்லை, நினைவுகூர்கிறார். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம், வியட்நாம்ப் போர், கறுப்பினத்தவரின் குடியுரிமைப் போராட்டம் என்பன ஒரு நடிகரின் வாழ்க்கையின் பகைப்புலமாக இங்கு விரிக்கப்படுகின்றன.

இப்படம் 2020 ஜனவரியிற் சண்டன்ஸ் விழாவில் முதன்முதற் காட்டப்பட்டது. பின்னர் யூன் 7ஆம் நாள் ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இவ்விரு திகதிகளுக்கிடையில் உலகம் மாறிவிட்டது. கொள்ளைநோயினால் விளையாட்டுப் போட்டிகள் நின்றுபோக, போட்டிகளுக்குரிய நேரத்தை விவரணப் படங்களால் நிரப்பவேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது. நோய் சீனாவிலிருந்து வந்தது என்ற பேச்சு அமெரிக்காவில் ஆசியர்மீது வெறுப்பையும் தாக்குதலையும் தூண்டிற்று. மே 25இல் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிசாராற் கொல்லப்பட்டார். படம் ஒளிபரப்பான ஞாயிறன்று அமெரிக்க நகரங்களின் தெருக்களில் மக்கள் நிறைந்திருந்தனர். ஆகவே, விழாவிற் கண்டோருக்கு ஒரு நடிகரின் வாழ்க்கைக் கதையாயிருந்தது, தொலைக்காட்சியிற் கண்டோருக்கு அன்றாட அரசியலின் விளக்கமாயிற்று. விமர்சகர் பலர் படத்தைப் பாராட்டினர். பேசுவோரின் முகங்களை மறைத்த உத்தி, பழைய காட்சிகளின் செழுமை, இனவாதத்தை மையப்படுத்திய நோக்கு ஆகிய மூன்றுமே அப்பாராட்டின் ஆதாரங்கள். லீயின் மரணம் பற்றிய வதந்திகளிலே படம் காலத்தைச் செலவிடவில்லை, அது நன்று. ஆனால், குடும்பத்தாரின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்ட ஒரு படம் நாயகரின் குறைகளைக் காணத் தயங்கும் என்பதும் உண்மை. இத்தயக்கம் இங்கும் இல்லாமலில்லை.

இவ்வரவேற்பின் உரைகல் யாது? திரையில் ஆசியருக்கு உரிய இடம் கிடைத்ததா, மறுக்கப்பட்டதா என்னும் வினாவே அது. நியாயமான வினாதான். ஆயினும் அது ஹொலிவூட்டை நோக்கி நின்று கேட்கப்படும் வினா. திரைக்கு இப்பால் இருந்தோர் யாவர் என்ற வினா அதற்குள் எழுவதில்லை. தமிழ்த் திரைப்பட ஆய்வு இவ்விடத்தில் ஒரு மாற்று மரபை உடையது. கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தபொழுது, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே எனச் சுட்டினார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை ஆராய்கையில், சிலம்பமும் வாளும் ஏந்திய அந்நாயகனை அடித்தட்டு மக்களின் வாழ்வோடும் நாட்டார் கதைப்பாடல்களோடும் வைத்தே விளக்கினார். எஸ். வி. ஸ்ரீனிவாஸ், ஆந்திரத்தின் சிறுநகர்களிலே மலிவுக் கட்டண அரங்குகளில் ஓடிய ஹொங்கொங் சண்டைப்படங்களை 2003இல் ஆய்வுக்கெடுத்தார். சண்டையிடும் நாயகனைப் பார்ப்போரிலிருந்து தொடங்கிப் படிக்கும் முறை இது. 'பீ வோட்டர்' பற்றிய மேனாட்டு விமர்சனங்களில் இம்முறையைக் காண்பது அரிது.

அம்முறையில் 'தி பிக் பொஸ்' படத்தைப் பார்ப்போம். தாய்லாந்தின் பக் சொங் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்ட இப்படத்தின் மாந்தர், பிழைப்புத் தேடிவந்த சீனத் தொழிலாளர். வேலை ஓர் ஐஸ் தொழிற்சாலையில். ஐஸ் பாளங்களுக்குள்ளே போதைப்பொருள் கடத்தப்படுகிறது. அதனைக் கண்டுவிட்ட தொழிலாளர் காணாமற் போகின்றனர். கேள்வி கேட்டு வேலைநிறுத்தம் செய்தோரைப் பிரிப்பதற்கு முகாமை கையாளும் உபாயம் கவனத்துக்குரியது. கதாநாயகனை மேற்பார்வையாளனாக உயர்த்தி, விருந்தும் மதுவும் ஊட்டி, உறவினரின் கண்ணில் அவனைத் துரோகியாக்குகின்றது. சண்டை செய்வதில்லை எனத் தாய்க்கு வாக்களித்து வந்தவன் அவன். இறுதியில் முதலாளியைக் கொன்று பொலிசாரிடம் சரணடைகின்றான். பாசிக்குடாவை அடுத்த வாழைச்சேனை மீன்பிடித் துறையை அறிந்தவர்க்கு ஐஸ் என்பது என்னவென்று விளக்கவேண்டியதில்லை. ஐஸ் இல்லையேற் பிடித்த மீனுக்கு விலையில்லை. ஐஸ் உள்ளவன் கையிலேயே விலையும் இருக்கும். அதே வாழைச்சேனையின் காகித ஆலை, 1956 தொடக்கம், அப்பகுதி மக்களுக்கு ஆலைத் தொழிலாளியின் வாழ்வையும் அறிமுகஞ் செய்தது. மேற்பார்வையாளனாக உயர்த்தப்பட்டு வாய்மூடிப்போன உறவினனை இக்கரை அடையாளங் கண்டுகொள்ளும். விவரணப் படங்களிலோ 'தி பிக் பொஸ்' வசூலின் கதையாக, ஒரு நட்சத்திரத்தின் வெற்றிக் கதையாகவே சுருங்கிவிடுகின்றது.

ஹொங்கொங்கின் சமூக வரலாறும் இவ்வாறே. 1967 மே மாதத்தில், சான் போ கொங் பகுதியின் செயற்கைப் பூ ஆலையில் எழுந்த தொழிற்பிணக்கு, பிரித்தானியக் குடியேற்ற ஆட்சிக்கு எதிரான பெருங்கிளர்ச்சியாக மாறிற்று. 51 பேர் மாண்டனர். நான்கு ஆண்டுகளின் பின் 'தி பிக் பொஸ்' படத்தைப் பார்க்க அரங்குகளை நிறைத்த மக்களுள் அக்கிளர்ச்சியைக் கண்டோர் இருந்தனர் என்பதை மறந்து அப்படத்தின் வெற்றியை எவ்வாறு விளக்குவது? ஸ்ரீபன் தியோ 1997இல் எழுதிய ஹொங்கொங் சினிமா வரலாற்றில், மேனாட்டு விமர்சகர் லீயின் உடலைக் கண்டு அவருடைய தேசிய உணர்வைக் காணாது விட்டனர் என வாதித்தார். அத்தேசியம் எந்த அரசுக்கும் உரியதன்று, புலம்பெயர்ந்து வாழும் சீனரின் மனத்தில் உறையும் ஒன்று என்பது அவர் கருத்து. புலம்பெயர்ந்த தமிழரின் உணர்வை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். அவ்வுணர்வின் ஆபத்தும் விளங்கும்: 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யின் யப்பானியர் மனிதர்களாகவன்றி வெறுப்பின் உருவங்களாகவே வரையப்பட்டுள்ளனர். ஆக்கிரமிக்கப்பட்டோரின் சினம் நியாயமானது என்பதற்காக அக்கலைக்குறையை மறைக்கவேண்டியதில்லை.

வெறுப்பும் பழம்பெருமையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பன. சண்டைக்கலையின் பிறப்பிடம் பற்றிய நமது பேச்சிலும் இதனைக் காணலாம். ஏ. ஆர். முருகதாஸின் 'ஏழாம் அறிவு' 2011இல் வெளிவந்தபின், காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குக் குங் ஃபூ கற்பித்தார் என்பது தமிழரிடையே ஐயமற்ற வரலாறாகி விட்டது. போதிதருமரைச் சண்டைப்பயிற்சியோடு தொடர்புபடுத்துதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டினது. அதன் முன்னுரைகள் போலியானவை எனச் சீன ஆய்வாளர் தாங் ஹாவோ முன்னரே நிறுவியுள்ளார். சிங்களரிடையே அங்கம்பொரவை இராவணனுடன் இணைக்கும் பேச்சும் இதே வகையினது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வழங்கும் சீனடி என்ற சண்டைக்கலையின் பெயரோ எதிர்த்திசையிற் சீனத்தைச் சுட்டுவதுபோலத் தோன்றுகின்றது. சீனி, சீனச்சட்டி, சீனவெடி எனப் பல சொற்கள் தமிழில் உள. பெயரொன்றை மட்டும் வைத்துக் கலையின் வழியைத் துணிதல் இயலாது. கடல்வழித் தொடர்பு இருந்ததென்பது மட்டும் ஐயத்துக்கிடமற்றது: செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடைய, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு காலியிற் கண்டெடுக்கப்பட்டது.

சீனடியையும் சிலம்பத்தையும் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் பொதுவாகவே பேணி வந்தன என்பது பிறப்பிட ஆராய்ச்சியைக் காட்டிலும் முக்கியமானது. 1990ஆம் ஆண்டில், ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்களும் செப்ரெம்பரிற் சத்துருக்கொண்டான் பகுதியிலே தமிழ்க் கிராமத்தவரும் கொல்லப்பட்ட பின்னர், அப்பொதுமை பற்றிப் பேசுவதே அரிதாயிற்று. பொஸ்னியாவின் மொஸ்டார் நகரத்து இளைஞர் இத்தகையதொரு நிலையிலேதான் புறூஸ் லீயை நாடினர். மூவின மக்களும் போரிற் சிதைந்த அந்நகரில், எவருக்கும் பகைவரல்லாத, எல்லோரும் சிறுவயதில் விரும்பிய ஒருவரைத் தேடியபொழுது கிடைத்தவர் அவரே. 2005 நவம்பர் 26இல் அங்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது; விரைவிலேயே அது சேதப்படுத்தப்பட்டது. விமர்சகர் சிலர் இச்சிலையை வேடிக்கையாக நோக்குவர். இனங்களுக்குப் பொதுவான ஒரு நாயகன் தம் ஊருக்குள் எஞ்சியிராத நிலையை அறியாதோரே அவ்வாறு நோக்கமுடியும்.

'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யின் முடிவு பலரும் அறிந்தது. தன் பள்ளியைக் காப்பதற்காகச் சரணடைந்த கதாநாயகன், தன்னை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கின்றான். அவ்வுடல் அந்தரத்தில் நிற்கும்படி காட்சி உறைகின்றது; வெடியோசை மட்டும் கேட்கின்றது. விழும் உடலைப் படம் காட்டுவதில்லை. 1983 முதல் 2009 வரை இக்கரையில் வளர்ந்த ஒரு தலைமுறை அவ்வோசைக்குப் பின் என்ன நிகழும் என்பதை அறிந்திருந்தது. உறைந்த அக்காட்சியை விவரணப் படங்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டுள்ளன. விமர்சகரும் அதனையே எதிர்ப்பின் படிமமாக வியந்துள்ளனர். ஆனால் விழுந்த உடலும் படம்பிடிக்கப்பட்டே இருக்கிறது. 1973இல் அஞ்சலிக் கூட்டத்தின் நடுவே பதிவான இறுதிச்சடங்குக் காட்சிகள், 1978இல் வேறு நடிகர்களைக்கொண்டு 'கேம் ஒஃப் டெத்' படம் முடிக்கப்பட்டபொழுது கதைப்பகுதியாகச் சேர்க்கப்பட்டன. கதையில் நாயகன் இறந்ததாக நடிக்கின்றான். திரையில் நாம் காண்பது புறூஸ் லீயின் மெய்யான சவப்பெட்டியை.